ஆய்வு நாளில் கள ஆய்வைத் தமிழில் பேசலாமா? (சமூக அறிவியல் படிப்பவர்கள், படித்தவர்கள் கருத்துச் சொல்லுங்கள்)

சேப்பாக்கம் வெயில்
வெள்ளி, இரவு 10.15

எல்லோருக்கும் வணக்கம். சென்னையில் ஒரு பல்கலைக்கழகத்தின் சமூக அறிவியல் பள்ளியில் எம்.ஏ. இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். அடுத்த மாதம் எங்களுக்கு ஆய்வு நாள். ஆளுக்குப் பன்னிரண்டு நிமிடம், ஒரு போஸ்டர், மாலையில் பரிசு. நெட் (கல்லூரி ஆசிரியர் தகுதித் தேர்வு) தேறியவர்கள், ஜேஆர்எஃப் (ஆய்வு உதவித்தொகை) வாங்கியவர்கள், வெளிமாநிலக் கருத்தரங்குகளில் கட்டுரை வாசித்தவர்கள் எல்லோரையும் அதே மேடையில் கூப்பிட்டுப் பாராட்டுவார்கள். நான் மிகவும் எதிர்பார்த்துக் காத்திருக்கும் நாள் இது.

ஆற்றங்கரையிலிருந்து ஊருக்கு வெளியே கொண்டுபோய்க் குடியமர்த்தப்பட்ட பெண்களின் ஒரு நாள் எப்படி மாறியிருக்கிறது என்பதுதான் என் ஆய்வு. எந்தக் குடியிருப்பு என்று சொல்லமாட்டேன். பெயர் வெளியே வராது என்று அங்கே வாக்குக் கொடுத்திருக்கிறேன். நாலு மாதம் சனி, ஞாயிறு தவறாமல் போனேன். அவர்கள் பேசியது தமிழ், நான் குறித்துக்கொண்டது தமிழ். இப்போது உட்கார்ந்து எழுதுவது மட்டும் ஆங்கிலம்.

பன்னிரண்டு நிமிடத்தையும் தமிழில் பேசி, அங்கிருந்து நாலைந்து பேரை அழைத்துவந்து முன்வரிசையில் உட்காரவைக்கலாமா என்று கைடிடம் கேட்டேன். வெளியிலிருந்து வருகிற நடுவர்களுக்குத் தமிழ் தெரியாமல் போகலாம், விதியிலும் இடமில்லை என்றார். அவர்மேல் எனக்குக் கோபமில்லை, நல்லவர். ஆனால் கடைசி நாள் ஒரு அக்கா படியில் உட்கார்ந்து பூ கட்டிக்கொண்டே கேட்டார்: "எழுதி முடிச்சா எங்களுக்குப் படிச்சுக் காட்டுவியாம்மா?" சரிக்கா என்று சொல்லிவிட்டு வந்தேன். அந்தச் சரிக்கு என்ன பண்ணுவது என்றுதான் தெரியவில்லை.

குறுக்குச் சாலை
வெள்ளி, இரவு 11.02

தங்கச்சி, உன் மனசு புரிகிறது. ஆனாலும் கைடு சொல்வதைக் கேள். நெட் தேர்வில் மொழிப்பாடங்களைத் தவிர மற்றவற்றுக்கு வினாத்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான் வரும். ஜேஆர்எஃப் கிடைத்தால் முதல் இரண்டு வருஷம் மாதம் 37,000 ரூபாய், அப்புறம் 42,000. நம் மாதிரி வீடுகளில் அந்தப் பணம் எவ்வளவு பெரிது என்று எனக்குத் தெரியும். அந்தப் பணத்தில்தான் என் தம்பியைப் படிக்கவைத்தேன். பன்னிரண்டு நிமிடம் ஆங்கிலத்தில் தடுமாறாமல் பேசிப் பழக இது நல்ல வாய்ப்பு. தமிழில் நீ எப்போது வேண்டுமானாலும் பேசுவாய்.

எழும்பூர் வாசகர்
சனி, காலை 6.48

கன்னிமாரா நூலகத்திலும் ஆவணக் காப்பகத்திலும் பாதி வாழ்நாளைக் கழித்தவன் என்பதால் ஒரு பழைய கதையைச் சொல்கிறேன். எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டிய கதை.

1915ல் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு இந்தியப் பொருளாதாரத்தின் முதல் பேராசிரியராக கில்பர்ட் ஸ்லேட்டர் வந்தார். வந்தவர் புத்தகத்தைத் திறந்து பாடம் நடத்துவதோடு நிற்கவில்லை. ஒரு வினாநிரல் தயாரித்து, மாணவர்கள் கையில் கொடுத்து, விடுமுறைக்குப் போகும்போது ஊர்க் கணக்கை எழுதிக்கொண்டு வாருங்கள் என்று அனுப்பினார். யாரிடம் எவ்வளவு நிலம், கூலி நெல்லாகவா காசாகவா, கடன் எங்கே வாங்கினார்கள், கிணறு எத்தனை, மாடு எத்தனை. அப்படி 1916ல் எழுதப்பட்டவைதான் தென்னாற்காட்டு இருவேல்பட்டு, தஞ்சைப் பக்கத்துப் பாலக்குறிச்சி, திருநெல்வேலிக் கங்கைகொண்டான், இராமநாதபுரத்து வடமலைபுரம், வடாற்காட்டுத் தூசி ஆகிய ஊர்களின் ஆய்வுகள். 1918ல் புத்தகமாக வந்தன.

இதில் என்னை ஆட்டிப்பார்த்த விஷயம் அதற்குப் பிறகு நடந்தது. அதே ஊர்களில் 1930களில் பி.ஜே. தாமஸும் கே.சி. ராமகிருஷ்ணனும் மறுபடி ஆய்வு செய்தார்கள். இருவேல்பட்டுக்கு 1961ல் மறுபடியும் ஆய்வாளர்கள் போனார்கள், 1981ல் அடையாறு எம்ஐடிஎஸ் என்ற வளர்ச்சி ஆய்வு நிறுவனத்திலிருந்து எஸ். குஹன் போனார், 2008ல் ஜான் ஹாரிஸ், ஜெயரஞ்சன், நாகராஜ் போனார்கள். பண்ணையாள் முறை எப்படி இருந்தது, எப்படிக் கரைந்தது, ஊருக்கு வெளியே வேலைக்குப் போகத் தொடங்கிய பிறகு கூலிக்காரர் நிமிர்ந்து நின்றது எப்படி என்று ஒரே ஊரை வைத்துக்கொண்டு தொண்ணூறு வருஷத்துக்குப் பேச முடிகிறது. உலகத்தில் இப்படித் தொடர்ந்து பார்க்கப்பட்ட கிராமங்கள் அதிகமில்லை. முதல் செங்கல் வைத்தவர்கள் விடுமுறைக்குப் போன மாணவர்கள்.

அதனால் பெண்ணே, நீ எழுதுவது ஒரு பருவத்து மதிப்பெண்ணுக்கான தாள் என்று மட்டும் நினைத்துவிடாதே. 2050ல் ஒருவர் அந்தக் குடியிருப்பைத் தேடி வருவார். அவர் கையில் உன் குறிப்பேடு இருக்கவேண்டும்.

ஆனால் ஒன்று. அந்த 1918 புத்தகம் ஆங்கிலத்தில் வந்தது. இருவேல்பட்டுக்காரர்களில் எத்தனை பேர் அதைப் படித்திருப்பார்கள் என்று நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு வலி இருக்கிறது. உன் அக்கா கேட்ட கேள்வி அப்போதே கேட்கப்பட்டிருக்க வேண்டிய கேள்வி.

பழைய சர்வேயர்
சனி, காலை 9.30

நான் பல்கலைக்கழகத்துக்காரன் இல்லை. கணக்கெடுப்பு வேலையில் ஓய்வு பெற்றவன். குறுக்குச் சாலை தம்பி ஆங்கிலத்தைப் பற்றிச் சொன்னது சரிதான், மறுக்கவில்லை. ஆனால் தமிழ் என்பது இங்கே மரியாதைக்காக மட்டும் கேட்கிற விஷயம் இல்லை. தமிழில் கேட்காவிட்டால் கணக்கே தப்பாகும். ரெண்டு உதாரணம் சொல்கிறேன்.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஒரு குடும்பம் என்றால், ஒன்றாக வசித்து ஒரே சமையலில் சாப்பிடுகிறவர்கள். இதை ஆங்கிலப் படிவத்தில் படித்துவிட்டு, "உங்க வீட்ல எத்தனை பேர்?" என்று கேட்டால் ஒன்பது என்பார்கள். எழுதிக்கொண்டு வந்துவிடலாம். "ஒரே அடுப்பா, தனி அடுப்பா?" என்று கேட்டுப்பாருங்கள். அதே ஒரு ரூமில் ரெண்டு அடுப்பு இருக்கும். அண்ணன் குடும்பம் தனி, தம்பி குடும்பம் தனி. ஒரு குடும்பம் இரண்டாகிவிட்டது. ரேஷன் கார்டு, வருமானம், கடன் எல்லாக் கணக்கும் மாறும். எங்களுக்கு இந்த அடுப்புக் கேள்வியைச் சொல்லிக்கொடுத்தது ராயபுரத்தில் ஒரு வயதான அம்மா, பயிற்சி வகுப்பு இல்லை.

இன்னொன்று, "வேலைக்குப் போறீங்களாம்மா?" என்ற கேள்வி. "இல்லப்பா, சும்மாதான் இருக்கேன்" என்பார்கள். கையில் பூச்சரம் இருக்கும், மடியில் நார் இருக்கும். முழம் கணக்கில் கட்டிக்கொடுத்துக் காசு வாங்குகிறவர் அவர். தேசிய மாதிரிக் கணக்கெடுப்பில் வீட்டு வேலை மட்டும் பார்ப்பவருக்கு 92 என்று ஒரு குறியீடு, வீட்டு வேலையோடு விறகு பொறுக்குவது, தன் வீட்டுக்குத் துணி தைப்பது போன்றதையும் செய்பவருக்கு 93. பூ கட்டிக் கூலி வாங்குபவர் இந்த இரண்டிலும் வரக்கூடாது, அவர் உழைப்பாளி. ஆனால் "சும்மா" என்ற அந்த ஒரு வார்த்தையை நம்பினால் 92 போட்டுவிட்டு வந்துவிடுவோம். நானே ஆரம்பத்தில் அப்படி எத்தனை பேரை விட்டிருப்பேனோ, இப்போதும் உறுத்துகிறது.

அம்மா, உன் ஆய்வு ஒரு நாளைப் பற்றியது என்கிறாய். 2019ல் நாட்டில் முதல்முறையாகப் பெரிய அளவில் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு நடந்தது. கூலியில்லாத வீட்டு வேலையில் ஈடுபட்டவர்களில் பெண்களுக்கு ஒரு நாளுக்குச் சராசரி 299 நிமிடம், ஆண்களுக்கு 97 நிமிடம் என்று வந்தது. அதில் ஒரு நாள் என்பதை விடியற்காலை 4 மணியிலிருந்து மறுநாள் 4 மணி வரை எடுத்துக்கொண்டு, அரைமணி அரைமணியாகக் கேட்பார்கள். நீ எப்படிக் கேட்டாய்?

அம்பத்தூர் அம்மா
சனி, பிற்பகல் 2.20

நான் படித்தது பத்தாவது. என் பெண் பி.ஏ. சமூகவியல் கடைசி வருஷம். இந்த இழையை அவள்தான் காட்டினாள். சொந்தக்காரர் வீட்டு விசேஷத்துக்குப் போனால் முதல் கேள்வியே "இதப் படிச்சா என்ன வேலை கிடைக்கும்?" என்பதுதான். எனக்குப் பதில் தெரியாமல் பலமுறை பேச்சை மாற்றியிருக்கிறேன். அதனால் மேடையில் நெட் தேறியவர்கள் பெயரைப் படிப்பதை யாரும் குறைவாகப் பேசாதீர்கள். அந்தப் பெயர்களைக் கேட்டால்தான் எங்களுக்குத் தைரியம்.

ஆனால் சர்வேயர் அய்யா எழுதிய அடுப்புக் கேள்வியைப் படித்ததும் நான் சமையலறையில் அப்படியே நின்றுவிட்டேன். என் மாமியார் வீட்டில் நாங்கள் மூன்று அடுப்பாக இருந்தோம். அது கல்லூரியில் படிக்கிற விஷயம் என்று எனக்கு இத்தனை நாள் தெரியாது. போன வருஷம் என் பெண்ணின் கல்லூரி விழாவுக்குப் போனேன். ரெண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். எல்லோரும் கைதட்டியபோது கைதட்டினேன். அவள் என்ன கண்டுபிடித்தாள் என்று மட்டும் எனக்கு யாரும் சொல்லவில்லை.

விவா முடிஞ்சது
சனி, மாலை 5.55

அம்பத்தூர் அம்மா, உங்கள் கடைசி வரியை எங்கள் துறைக் கூட்டத்தில் வாசிக்கப் போகிறேன், அனுமதி தாருங்கள்.

வேலை பற்றி: ஆசிரியர் வேலை ஒன்றுதான் வழி என்று நினைக்க வேண்டாம். தரமணியில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது, வறுமை ஒழிப்புத் திட்டங்களை ஆராயும் ஜே-பால் தெற்காசியா போன்ற அமைப்புகளும் இருக்கின்றன. அரசுத் திட்டங்கள் போய்ச் சேர்ந்தனவா என்று பார்க்கும் மதிப்பீட்டு வேலைக்குக் களத்தில் நின்று பழகியவர்கள் தேவைப்படுகிறார்கள். பெண்களுக்கு 2021 மே முதல் கட்டணமில்லாப் பேருந்து, 2022ல் காலை உணவுத் திட்டம், 2023 செப்டம்பரில் மகளிர் உரிமைத் தொகை 1,000 ரூபாய். இவற்றால் வீட்டுக்குள்ளே என்ன மாறியது என்று கேட்டு எழுத ஆள் வேண்டும். சமூகப் பணி என்றால் எழும்பூர் பக்கம் மேரி கிளப்வாலா ஜாதவ் 1952ல் தொடங்கிய மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் சோஷியல் வொர்க் இன்றும் இருக்கிறது. குடிமைப் பணித் தேர்வில் சமூகவியலை விருப்பப் பாடமாக எடுத்துத் தமிழிலேயே எழுதலாம். இதையெல்லாம் விசேஷ வீட்டில் சொல்லுங்கள்.

இப்போது வெயிலுக்கு. உன் எண்ணத்தில் ஒரு பெரிய ஆபத்து இருக்கிறது, அதைச் சொல்லாமல் விட்டால் தப்பு. பெயர் வெளியே வராது என்று வாக்குக் கொடுத்துவிட்டு, அவர்களையே முன்வரிசையில் உட்காரவைத்தால் அந்த வாக்கு என்ன ஆகும்? போஸ்டரில் "ஒரு விதவை, இரண்டு பெண்கள், மந்தைவெளியில் வீட்டு வேலை" என்று எழுதியிருப்பாய். அரங்கில் உட்கார்ந்திருப்பவர் யார் என்று எல்லோருக்கும் தெரிந்துவிடும். யாரோ போட்டோ எடுத்துக் குழுவில் போடுவார்கள். அவர் வேலை பார்க்கும் வீட்டுக்காரர் அதைப் பார்ப்பார். கூலி பற்றி உன்னிடம் அவர் சொன்னது அங்கே தெரிந்தால் வேலை போய்விடும். ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து வாங்கியதோடு நம் கடமை முடிவதில்லை.

நான் செய்திருப்பது இது: மேடைப் பேச்சை ஆங்கிலத்திலேயே முடித்தேன். அதற்கு முன்னால் களத்துக்குத் திரும்பிப்போய் தமிழில் நாலு பக்கம் வாசித்துக் காட்டினேன். மேடைப் பேச்சுக்குப் பின்னால் போகாதே, முன்னால் போ. முன்னால் போனால் தப்பைத் திருத்தலாம். பின்னால் போனால் நன்றி சொல்லிவிட்டுத் திரும்ப வேண்டியதுதான்.

கண்ணகி நகர் பொண்ணு
சனி, இரவு 9.10

நான் இப்போது எம்எஸ்டபிள்யூ (சமூகப் பணி முதுகலை) படிக்கிறேன். வளர்ந்தது கண்ணகி நகரில். 2000லிருந்து நகரத்து மக்களை அங்கே குடியமர்த்தத் தொடங்கினார்கள். நான் பள்ளியில் படிக்கும்போதிருந்து கையில் பேடு வைத்துக்கொண்டு வருகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். 2015 வெள்ளத்துக்கு அப்புறம் இன்னும் அதிகம். ஒரே மாதத்தில் மூன்று கல்லூரியிலிருந்து வந்து என் அம்மாவிடம் ஒரே கேள்வியைக் கேட்டார்கள்: "இங்க வந்தது பிடிச்சிருக்கா?" அம்மா மூன்று பேருக்கும் டீ போட்டுக் கொடுத்தார். ஒருவர்கூடத் திரும்பி வரவில்லை. "அந்தப் பொண்ணு பரீட்சை பாஸாயிடுச்சான்னு தெரியலையே" என்று அம்மா ரொம்ப நாள் சொல்லிக்கொண்டிருந்தார். எங்களைப் பற்றி என்ன எழுதினார்கள் என்று அவர் கேட்டதில்லை. அந்தப் பெண் பாஸ் ஆனாளா என்றுதான் கேட்டார்.

அக்கா, நீங்கள் போய்ப் படித்துக் காட்டுங்கள். ஒரு சின்ன விஷயம்: சனிக்கிழமை மதியம் போகாதீர்கள், சனிக்கிழமை நிறைய வீடுகளில் வேலைக்குப் போகவேண்டியிருக்கும். ஞாயிறு நாலு மணிக்கு மேல் போங்கள். உட்கார நாற்காலி தேடாதீர்கள், படியிலேயே உட்காருங்கள். "நகர்ப்புற விளிம்புநிலை" என்றெல்லாம் வாசிக்காதீர்கள். எங்களை யாரும் அப்படிக் கூப்பிட்டு நாங்கள் திரும்பிப் பார்த்ததில்லை.

குறுக்குச் சாலை
சனி, இரவு 11.40

இதைப் படித்த பிறகு நான் முதலில் எழுதியதை மறுபடி யோசித்தேன். ஆங்கிலப் பயிற்சி வேண்டும் என்பதில் மாற்றமில்லை. ஆனால் "தமிழில் எப்போது வேண்டுமானாலும் பேசுவாய்" என்று எழுதியிருந்தேன். அது உண்மையில்லை. என் முனைவர் பட்ட ஆய்வை ஒரு வரிகூட நான் இன்னும் தமிழில் சொன்னதில்லை. பிஎச்.டி. ஏடுகளைச் சேர்த்துவைக்கும் ஷோத்கங்கா இணையதளத்தில் கிடக்கிறது. என் அப்பாவின் மீன்பிடித் தொழிலைப் பற்றிய ஆய்வு. அப்பாவுக்கு அதில் என் பெயரை மட்டும் விரலால் தொட்டுக் காட்டினேன். முடிந்தால் இந்த வாரமே ஊருக்குப் போகிறேன்.

எழும்பூர் வாசகர்
ஞாயிறு, காலை 7.05

போய்வா தம்பி.

வெயிலுக்கு ஒரு வேண்டுகோள். பிஎச்.டி. ஏடுகளுக்காவது ஷோத்கங்கா இருக்கிறது. எம்.ஏ. ஏடுகள் துறை அலமாரியில் அடுக்கப்பட்டு, இடம் போதாதபோது மூட்டை கட்டப்படும். நானே ஒருமுறை பழைய பேப்பர் கடையில் ஒரு கட்டைப் பார்த்து மனம் நொந்து வாங்கி வந்தேன், கையெழுத்து அட்டவணைகளோடு. உன் தமிழ்க் குறிப்பேட்டை ஸ்கேன் செய்து பத்திரப்படுத்து. பெயர்களை நீக்கிய பிரதி ஒன்று, மூலப்பிரதி தனியாக. தேதியும் கிழமையும் ஒவ்வொரு பக்கத்திலும் இருக்கட்டும். 2011க்குப் பிறகு மக்கள்தொகைக் கணக்கெடுப்பே நடக்காமல், அடுத்தது 2027 என்று ஆகியிருக்கிறது. இடைப்பட்ட இந்த வருஷங்களில் ஒரு குடியிருப்பு எப்படி இருந்தது என்பதற்கு உன்னைப் போன்றவர்களின் நோட்டுகளும் சாட்சி.

சேப்பாக்கம் வெயில்
திங்கள், இரவு 10.50

எல்லோருக்கும் நன்றி. முன்வரிசையில் உட்காரவைக்கும் யோசனையைக் கைவிட்டுவிட்டேன். விவா முடிஞ்சது அண்ணா சொன்ன ஆபத்து எனக்குத் தோன்றவே இல்லை. நேற்று கைடிடம் போனில் பேசினேன். களத்தில் முதலில் வாசித்துக் காட்டுகிறேன் என்றதும், "போ, என்ன சொல்கிறார்கள் என்று வந்து எனக்கும் சொல்" என்றார். போஸ்டருக்கு அடியில் தமிழில் ஒரு சுருக்கம் ஒட்டவும் ஒப்புக்கொண்டார். பார்க்க வரும் பெற்றோர்களுக்காக. அம்பத்தூர் அம்மா, அது உங்களால்.

நேற்று மாலை நாலரைக்குப் போனேன். படியில் ஏழு பேர் உட்கார்ந்தோம். நாலு பக்கத்தையும் வாசித்தேன். இடையில் ஒரு குழந்தை அழுதது, தண்ணீர் லாரி வந்ததென்று இரண்டு பேர் எழுந்துபோய்த் திரும்பி வந்தார்கள். பேருந்துப் பகுதியை வாசிக்கும்போது, டிக்கெட் இல்லை என்பதால் இப்போது மயிலாப்பூரிலேயே பழைய வீடுகளில் வேலையை விடாமல் வைத்திருக்கிறோம், அதை இன்னும் அழுத்தி எழுது என்றார்கள். டிக்கெட் இல்லாத வெள்ளை போர்டு பஸ் வராமல் நிற்கிற நேரத்தையும் எழுதச் சொன்னார்கள்.

அப்புறம் அந்த நாள் அட்டவணை. சர்வேயர் அய்யா, "நீ எப்படிக் கேட்டாய்?" என்று கேட்டிருந்தீர்கள். நான் காலை 5 மணியிலிருந்து கேட்டிருந்தேன். நாள் அப்போதுதான் தொடங்கும் என்று நினைத்துவிட்டேன், என் வீட்டில் அப்படித்தான். "5.00 – 5.30 சமையல், 5.40 பேருந்து நிறுத்தம்" என்று வாசித்ததும் பூ கட்டும் அக்கா கையை நீட்டி நிறுத்தினார். "தண்ணி பிடிச்சத எங்கம்மா போட்ட?" மூன்றரைக்கு எழுந்து, குடம் வரிசை போட்டு, மூன்று மாடி ஏற்றி, அதன் பிறகுதான் ஐந்து மணி. மற்ற ஐந்து பேரும் ஆமாம் என்றார்கள். நாலு மாதத்தில் ஒருவர்கூட இதை என்னிடம் சொல்லவில்லை. நான் ஐந்திலிருந்து கேட்டேன், அவர்கள் ஐந்திலிருந்து சொன்னார்கள்.

4 மணியிலிருந்து கேட்டிருந்தால்கூட முதல் அரைமணி நாளின் கடைசிக் கட்டத்துக்குத் தள்ளிப்போயிருக்கும். அதனால் தூங்கப் போன நேரத்திலிருந்து கேட்கிற மாதிரி அட்டவணையை மாற்றி எழுதிவிட்டேன். ஆய்வு நாளுக்கு இன்னும் மூன்று ஞாயிறு இருக்கிறது. எல்லா வீட்டுக்கும் மறுபடி போகிறேன். சர்வேயர் அய்யா, தண்ணீர் வரிசையில் நிற்கும்போதே பூவும் கட்டுகிறார்கள். ஒரே அரைமணியில் ரெண்டு வேலை வந்தால் எப்படிக் குறிப்பது? முடிந்தால் வெள்ளிக்கிழமைக்குள் சொல்லுங்கள்.

பழைய சர்வேயர்
செவ்வாய், காலை 5.35

ரெண்டையும் எழுதும்மா. ஒரே நேரத்தில் செய்தார் என்று பக்கத்தில் ஒரு கட்டம் போட்டு டிக் அடி. எது முக்கிய வேலை என்று நீ முடிவு பண்ணாதே, அவரிடமே கேள். ஞாயிற்றுக்கிழமை பேடு பிடிக்க ஆள் வேண்டுமென்றால் நான் வருகிறேன். தாம்பரத்தில்தான் இருக்கிறேன், மூன்று மாடி ஏறுவேன்.